லென்ஸைக் குறை சொல்லும் முன் அடாப்டரை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஃபிலிம் காலத்து லென்ஸ்களை, உள்ளே ஆடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் மாட்டிப் படம் எடுப்பது பற்றி உங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அலமாரியில் கிடந்த பழைய லென்ஸை எடுத்துத் துடைத்துப் பார்க்கப் பலரை அது தூண்டியிருக்கும். அந்த வகையில் மகிழ்ச்சி. ஆனால் ஐந்து லென்ஸ்களை வரிசைப்படுத்தி, இது கூர்மை, இது மந்தம் என்று தீர்ப்புச் சொன்ன பகுதியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அந்தப் படங்கள் எந்த அடாப்டர் (லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் வளையம்) வழியாக எடுக்கப்பட்டன, லென்ஸின் உள்கண்ணாடி என்ன நிலையில் இருந்தது, ஒவ்வொரு அப்பர்ச்சருக்கும் (ஒளி புகும் திறப்பின் அளவுக்கும்) ஃபோகஸ் புதிதாக வைக்கப்பட்டதா என்ற மூன்று விவரங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. இவை தெரியாமல் பழைய லென்ஸ்களை ஒப்பிட்டால் நாம் பார்ப்பது பெரும்பாலும் அடாப்டரின் குறையையும் தூசியையும் கை நடுக்கத்தையும்தான். வாசகர்கள் நல்ல லென்ஸைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தூரக் கணக்கு. லென்ஸின் மவுண்ட் (கேமராவோடு பொருந்தும் பகுதி) முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரத்தை ஃப்ளேஞ்ச் தூரம் என்கிறோம். ஒவ்வொரு மவுண்டுக்கும் இது நிலையான ஓர் எண். பழைய பக்கத்தில் எம்42 திருகு மவுண்டுக்கும் பென்டாக்ஸ் கே மவுண்டுக்கும் 45.46 மி.மீ., நிக்கான் எஃப் 46.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, மினோல்டா எஸ்ஆர் 43.5, கேனன் எஃப்டி 42, கோனிகா ஏஆர் 40.5. புதிய பக்கத்தில் சோனி இ மவுண்ட் 18, நிக்கான் இஸட் 16, கேனன் ஆர்எஃப் 20, எல் மவுண்ட் 20, ஃபியூஜி எக்ஸ் 17.7, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25. அடாப்டரின் தடிமன் என்பது இந்த இரண்டு எண்களின் வித்தியாசம். எம்42 லென்ஸைச் சோனியில் மாட்ட 27.46 மி.மீ., நிக்கான் இஸட்டில் மாட்ட 29.46 மி.மீ. கேனன் எஃப்டி லென்ஸுக்குச் சோனியில் சரியாக 24 மி.மீ. வேண்டும்.

வித்தியாசம் எதிர்மறையாக வந்தால் கண்ணாடி இல்லாத அடாப்டரால் தொலைவில் உள்ளவற்றுக்கு ஃபோகஸ் கிடைக்காது. எம்42 லென்ஸை நிக்கான் எஃப் மவுண்ட் கேமராவில் மாட்டினால் 1.04 மி.மீ. இடிக்கிறது. அடாப்டரின் தடிமன் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டாலும் 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 2.4 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. இதைச் சமாளிக்க உள்ளே சிறு கண்ணாடி வைத்த அடாப்டர்கள் விற்கப்படுகின்றன. அந்தக் கண்ணாடி முழுத் திறப்பில் படத்தின் மீது மெல்லிய பால் படர்ந்ததுபோல் ஆக்கிவிடும். அதை மாட்டி எடுத்த படத்தை வைத்து லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. கேனன் எஃப்டி, மினோல்டா எஸ்ஆர், கோனிகா ஏஆர் லென்ஸ்கள் பல பத்தாண்டுகள் அலமாரியிலேயே கிடந்ததற்கும், மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு திடீரென்று உயிர் பெற்றதற்கும் இந்தக் கழித்தல் கணக்குதான் காரணம்.

அடாப்டரின் தடிமனில் 0.1 மி.மீ. பிசகினால் என்ன ஆகும்? கணக்கு எளிது. லென்ஸின் மேல் மி.மீ.யில் எழுதியிருக்கும் குவியத் தூரத்தை அதனாலேயே பெருக்கி, பிசகால் வகுத்தால், லென்ஸ் எட்டக்கூடிய அதிகபட்சத் தூரம் கிடைக்கும். அடாப்டர் 0.1 மி.மீ. தடித்திருந்தால் 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும். 28 மி.மீ. லென்ஸுக்கு 7.8 மீட்டர்தான். 135 மி.மீ. லென்ஸுக்கோ 182 மீட்டர் வரை போகும். குறை இருப்பதே தெரியாது. ஒரே அடாப்டரில் 28-ஐயும் 135-ஐயும் மாட்டி மலையைப் படம் பிடித்தவர், 28 மி.மீ. லென்ஸ் சொத்தை என்று முடிவு கட்டுவது இப்படித்தான்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து, அடாப்டர் செய்பவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் மெலிதாகக் கடைகிறார்கள். அப்போது லென்ஸ் இன்ஃபினிட்டி (எல்லையற்ற தொலைவு) குறியைத் தாண்டியும் போகும். 0.2 மி.மீ. மெலிந்த அடாப்டரில் 50 மி.மீ. லென்ஸை வைத்தால், எல்லையற்ற தொலைவுக்கான உண்மையான ஃபோகஸ், வளையத்தில் 12.5 மீட்டர் எண் இருக்கும் இடத்தில் வந்து உட்காரும். சாதாரண லென்ஸுக்கு இதனால் பெரிய கேடில்லை. தூர எண்களை நம்பாமல் கண்ணால் பார்த்து ஃபோகஸ் வைத்தால் போதும். ஆனால் அருகில் ஃபோகஸ் வைக்கும்போது வரும் குறையைத் திருத்துவதற்காக உள்ளே தனியாக நகரும் கண்ணாடிக் குழு கொண்ட அகலக்கோண லென்ஸ்களில் கதை வேறு. லென்ஸ் தான் 12 மீட்டரைப் பார்ப்பதாக நினைத்து அந்தக் குழுவை நகர்த்தி வைத்திருக்கும். நாமோ அடிவானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்போம். நடுப்பகுதி நன்றாக இருக்கும், மூலைகள் இழுபடும்.

தடிமனைவிட மோசமானது சாய்வு. அடாப்டரின் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், படத்தின் ஒரு பக்கம் முன்னால் ஃபோகஸ் ஆகும், எதிர்ப்பக்கம் பின்னால் ஆகும். அடாப்டரின் விட்டத்தில் 0.05 மி.மீ. சாய்வு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவே உள்ள முழுச்சட்டக சென்சாரின் இடது, வலது ஓரங்களில் அது ஏறக்குறைய 0.02 மி.மீ. விலகலாக வந்து சேரும். எஃப் 1.4-ல் (எஃப் எண் சிறியதென்றால் திறப்பு பெரிது) அது உண்டாக்கும் மங்கல் வட்டம் 0.014 மி.மீ. 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. என்பதால், இரண்டு பிக்சலுக்கு மேல் அகன்ற மங்கல் ஓரத்தில் நிற்கும். எஃப் 8-க்குச் சுருக்கினால் அதே சாய்வு கண்ணுக்கே தெரியாது. “முழுத் திறப்பில் ஒரு பக்கம் சரியில்லை, சுருக்கினால் சரியாகிவிடுகிறது” என்று சொல்லப்படும் லென்ஸ்களில் ஒரு பகுதியாவது இந்தப் பழிக்கு ஆளானவைதான்.

அளப்பது கடினமில்லை. லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து கேமராவில் உட்காரும் முகம் வரை, வட்டத்தில் நான்கு இடங்களில் அளக்க வேண்டும். வெளி விளிம்புகள் சில அடாப்டர்களில் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றை அளந்தால் தவறான எண் வரும். பள்ளி ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவி தடிமனைப் பார்க்க உதவும். சாய்வைப் பார்க்கத் திருகு அளவி வேண்டும். நான்கு அளவுகளுக்குள் 0.03 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த அடாப்டரை வைத்து ஒப்பீடு செய்யாதீர்கள். பல அடாப்டர்களில் கேமராப் பக்க வளையம் நான்கு திருகுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி, மெல்லிய பித்தளைத் தகட்டில் வெட்டிய வளையத்தை உள்ளே வைத்து, திருகுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால், மெலிந்த அடாப்டரைச் சரியான தடிமனுக்குக் கொண்டுவந்துவிடலாம். அளக்கக் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. வேறொரு லென்ஸை அதே அடாப்டரில் மாட்டுங்கள். மங்கல் அதே பக்கத்தில் நின்றால் குற்றவாளி அடாப்டர். லென்ஸோடு சேர்ந்து மறைந்தால் குற்றம் லென்ஸில்.

கட்டுரையில் எம்39 லென்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டர் போதும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைக் கட்டாயம் திருத்த வேண்டும். 39 மி.மீ. திருகு இரண்டு குடும்பங்களில் இருக்கிறது. லைகாவின் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் (லென்ஸ் வழியே பார்க்காமல் தனிச் சாளரம் வழியே ஃபோகஸ் வைப்பவை) திருகு மவுண்டின் ஃப்ளேஞ்ச் தூரம் 28.8 மி.மீ.; லென்ஸ் பார்ப்பதை உள்ளே ஓர் ஆடி வழியே காட்டும் சோவியத் ஸெனிட் எஸ்எல்ஆர் கேமராக்களின் எம்39-க்கு 45.2 மி.மீ. திருகு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் லென்ஸ் சிரமமில்லாமல் ஏறிவிடும். ஆனால் ஸெனிட் லென்ஸை ரேஞ்ச்ஃபைண்டர் அடாப்டரில் மாட்டினால் 16 மி.மீ.க்கு மேல் உள்ளே போய்விடும். அருகில் தொலைவில் எங்கும் ஃபோகஸ் விழாது. மாற்றி மாட்டினால் மூக்குக்கு முன்னால் இருப்பது மட்டும் தெரியும். லென்ஸ் பழுது என்று ஒதுக்கப்பட்ட ஹீலியோஸ், ஜூபிட்டர் என்ற சோவியத் எம்39 லென்ஸ்கள் பலவும் உண்மையில் பழுதே இல்லை.

அடுத்தது அப்பர்ச்சர் ஊசி. எம்42 லென்ஸ்களில் பிற்காலத்தவற்றின் பின்புறம் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். பழைய கேமராவில் ஷட்டர் அடிக்கும் நொடியில் அந்த ஊசி உள்ளே தள்ளப்பட்டு அப்பர்ச்சர் இதழ்கள் மூடும். அடாப்டரில் அதை அழுத்த ஓர் உள் விளிம்பு இல்லையென்றால், நீங்கள் வளையத்தை எஃப் 8-க்குத் திருப்பினாலும் லென்ஸ் முழுத் திறப்பிலேயே இருக்கும். பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் போன்ற லென்ஸ்களில் தானியங்கி, கைமுறை என்று மாற்ற ஒரு சிறு விசை இருப்பதால் தப்பிக்கலாம். அந்த விசை இல்லாத லென்ஸுக்கு விளிம்புள்ள அடாப்டரே வேண்டும். விளிம்பு அளவுக்கு மீறித் தடித்திருந்தால் ஊசி அடி வரை போய் முட்டி, அப்பர்ச்சர் வளையம் இறுகும்; சில லென்ஸ்களில் ஃபோகஸ் வளையமும் சேர்ந்து இறுகும். அப்போது பலவந்தமாகத் திருப்பக் கூடாது. ஊசியைப் பசை வைத்து ஒட்டிவிடும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அந்தப் பசை வழிந்து இதழ்களுக்குள் இறங்கினால் லென்ஸ் அத்தோடு போயிற்று. கேனன் எஃப்டிக்கு நல்ல அடாப்டரில் பூட்டவும் திறக்கவும் தனி வளையம் இருக்கும். லென்ஸை மாட்டிய பின் அதைப் பூட்டு நிலைக்குத் திருப்பாமல் எஃப் 2, 2.8, 4 என்று வரிசையாகப் படம் எடுத்தால், எல்லாம் ஒரே அப்பர்ச்சரில் எடுத்த ஒரே படமாகத்தான் இருக்கும். உங்கள் கட்டுரையில் எஃப்டி லென்ஸின் பின்னணி ஒளி வட்டங்கள் எஃப் 1.4-லும் எஃப் 4-லும் ஒரே அளவில் இருப்பதைப் பார்த்தால், இதுதான் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

இனி லென்ஸின் உடல்நிலை. நாற்பது, ஐம்பது வயதான லென்ஸ் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுகிறோம் என்றால், இரண்டு மாடல்களை ஒப்பிடுவதாக எண்ணிக்கொண்டு இரண்டு முதியவர்களின் மருத்துவக் குறிப்புகளை ஒப்பிடுகிறோம். அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, இருட்டறையில் ஒரு சிறு டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்தால்தான் தெரியும். சிலந்தி வலைபோல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்க ஒரே சீராகப் புகை படிந்ததுபோல் இருந்தால் மசகு எண்ணெயின் ஆவி. விளிம்பிலிருந்து உள்நோக்கி வானவில் நிறத்தில் அலை வந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருந்த பசை பிரிந்துவிட்டது.

இவற்றில் படத்தை அதிகம் கெடுப்பது எது என்று கேட்டால், பலரும் பூஞ்சை என்பார்கள். ஓரத்தில் இருக்கும் சின்னப் பூஞ்சைத் தடம் படத்தில் தெரியவே தெரியாது. கண்ணில் எளிதாகச் சிக்காத அந்த மெல்லிய ஆவிப் படலம்தான் கறுப்பைச் சாம்பலாக்கி, முழுத் திறப்பில் எல்லாவற்றையும் மங்கடிக்கும். அதைத் துடைத்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் லென்ஸ் பழையபடி பளிச்சென்று ஆகிவிடும். துடைக்காத லென்ஸை ‘கனவுபோல மென்மையானது’ என்று புகழ்வதும் தவறு, ‘மந்தம்’ என்று இகழ்வதும் தவறு. பூஞ்சையைத் துடைத்த பிறகும் கண்ணாடியின் மேல் உள்ள பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சில் அரிப்புத் தடம் நிற்கலாம்; அது போகாது. ஆனால் ஒளி எதிரே வராத படங்களில் அதனால் பாதிப்பும் குறைவு. மேற்கொண்டு வராமல் இருக்க 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைப்பது நல்லது. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால், மிரர்லெஸ் கேமராவில் கையால் மூடித் திறப்பவருக்கு உடனடித் தொல்லை இல்லை. ஆனால் அந்த எண்ணெய்தான் நாளைக்கு ஆவியாகிக் கண்ணாடியில் படியும்.

கதிர்வீச்சுள்ள தனிமமான தோரியம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 50 மி.மீ. எஃப் 1.4 டாக்குமாரின் தொடக்கப் பதிப்பில் எட்டுக் கண்ணாடிகள். அதற்குப் பின் வந்த ஏழு கண்ணாடிப் பதிப்பில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. ஒளிவிலகல் எண்ணைக் கூட்டிக்கொண்டே நிறப் பிறழ்வைக் கட்டுக்குள் வைக்க அந்தக் காலத்தில் இது கைகொடுத்தது. அதன் கதிர்வீச்சு ஆண்டுக்கணக்கில் கண்ணாடியின் உள்ளமைப்பைக் கலைத்துத் தேநீர் நிறமாக்கிவிடும். வெள்ளைத் தாளின் மேல் லென்ஸை வைத்துப் பார்த்தால் மஞ்சள் உடனே தெரியும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கேமரா நிறத்தைச் சரிக்கட்டிவிடும். ஆனால் மஞ்சள் கண்ணாடி விழுங்கிய ஒளி திரும்பி வராது. இது நிரந்தரக் கேடு இல்லை என்பது நல்ல செய்தி. 365 முதல் 395 நானோமீட்டர் புற ஊதா எல்இடி விளக்கைப் பின்பக்கக் கண்ணாடிக்கு நேராக வைத்து, முன்பக்கம் அலுமினியத் தாளைப் போட்டு, சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை விட்டால் நிறம் வெளுத்துவிடும். விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. வெயிலிலும் வைக்கலாம், ஆனால் சூடு ஏறினால் மசகு உருகி இதழ்களுக்கு வரும். மேலும் லென்ஸ் வெயிலைக் குவித்து அருகில் இருக்கும் துணியையோ காகிதத்தையோ பற்றவைத்துவிடும். கவனிக்காமல் விடக் கூடாது. இந்த வெளுப்பைச் செய்யாமல் அந்த லென்ஸின் நிறத்தை இன்னொரு லென்ஸோடு ஒப்பிடுவதில் நியாயமே இல்லை.

இப்போது ஒப்பிடும் முறை. இதற்கு உங்கள் நாளிதழே போதும். சிறு எழுத்து விளம்பரங்கள் நிறைந்த ஐந்து தாள்களை ஒரு சமமான சுவரில் ஒட்டுங்கள்: நடுவில் ஒன்று, நான்கு மூலைகளில் நான்கு. 50 மி.மீ. லென்ஸை 2.5 மீட்டரில் வைத்தால் முழுச்சட்டகத்தில் ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் விழும். கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க, நடுத்தாளின் மேல் ஒரு சிறு முகக்கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். வியூஃபைண்டரில் உங்கள் லென்ஸே தன்னைப் பார்த்து, சரியாகச் சட்டகத்தின் நடுவில் தெரிய வேண்டும். ஒரு விரல்கடை விலகினாலும் டிரைபாட்டைத் திருத்துங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மூலைகளைப் பற்றிப் பேசுவது வீண்.

ஐஎஸ்ஓ 100, வெள்ளைச் சமநிலை கையால், கேமரா திருத்தாத ரா கோப்பு, இரண்டு நொடி டைமர், டிரைபாட்டில் கேமரா உடலின் நடுக்கத் தடுப்பு வசதி அணைப்பு. கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் வசதியை முதலில் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மின் இணைப்பில்லாத லென்ஸோடு கேமரா படமே எடுக்காது. ஃபோகஸ் வைக்க வண்ணக் கோடு காட்டும் பீக்கிங் வசதியை நம்பாதீர்கள். எஃப் 1.4-ல் அது காட்டும் கோடு, உண்மையான ஃபோகஸ் ஆழத்தைவிடத் தடிமனானது. படத்தை அதிகபட்சமாகப் பெரிதாக்கி, ஓர் எழுத்தின் விளிம்பைப் பார்த்து, வளையத்தை இரண்டு பக்கமும் தாண்டிப்போய்த் திரும்பி வந்து நிறுத்துங்கள். ஒவ்வொரு அப்பர்ச்சரிலும் மூன்று முறை புதிதாக ஃபோகஸ் வைத்து, மூன்றில் சிறந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஒவ்வொரு அப்பர்ச்சருக்கும் புதிதாக? பழைய வேகமான லென்ஸ்கள் பலவற்றில் கோளப் பிறழ்வு முழுதும் திருத்தப்படாமல் இருக்கும். விளிம்பு வழியாக வரும் கதிர்கள் ஒரு தளத்திலும் நடு வழியாக வருபவை வேறு தளத்திலும் குவியும். அப்பர்ச்சரைச் சுருக்கும்போது விளிம்புக் கதிர்கள் வெட்டுப்பட, ஃபோகஸ் தளம் பின்னால் நகர்ந்துவிடும். ஸோனார் என்ற பழைய ஜெர்மன் வடிவமைப்பு லென்ஸ்களில், அதன் சோவியத் வாரிசான ஜூபிட்டர்-9 போன்றவற்றில், இது நன்றாகவே தெரியும். முழுத் திறப்பில் ஃபோகஸ் வைத்து, வளையத்தைத் தொடாமல் எஃப் 4-க்குச் சுருக்கி எடுத்தால், சுருக்கியும் கூர்மை கூடவில்லையே என்று வருந்த வேண்டியிருக்கும். மின்னணு வியூஃபைண்டர் தானே வெளிச்சத்தை ஏற்றிக் காட்டுவதால், எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் வைப்பதில் சிரமம் எதுவும் கிடையாது.

நடுவில் ஃபோகஸ் வைத்த வரிசை முடிந்ததும், மூலையில் ஃபோகஸ் வைத்து ஒரு வரிசை எடுங்கள். மூலை இப்போது தெளிந்தால், லென்ஸின் ஃபோகஸ் தளம் வளைந்தது என்று பொருள். மூலை மோசம் என்று பொருளில்லை. சுவருக்கு அது குறை. முகத்தைப் படம் எடுப்பவருக்கு அதுவே பின்னணியைத் தளர்த்திக் கொடுக்கும் குணம். பிறகு வெளியே போய், தொலைவில் உள்ள ஒரே கம்பத்தை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் செய்து முழுத் திறப்பில் எடுங்கள். மூன்று மூலை தெளிந்து ஒன்று மட்டும் மங்கினால், எப்போதோ கீழே விழுந்தோ தவறாகக் கழற்றி மாட்டியோ கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. அந்தப் பிரதியை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

லென்ஸ்களின் குணத்துக்கு வருவோம். ஹீலியோஸ் 44-2 பற்றிக் கட்டுரை சொன்னது, பின்னணி வட்டமாகச் சுழல்வதுபோல் தெரியும் பின்னணிச் சுழல் மட்டுமே. ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஸைஸ் நிறுவனத்தின் பயோட்டார் 58 மி.மீ. எஃப் 2-வின் வழித்தோன்றலான இந்த லென்ஸில் ஆறு கண்ணாடிகள், நான்கு குழுக்கள், எட்டு இதழ்கள். அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள்: ஒன்று எல்லையைக் குறிக்கும், மற்றது படியில்லாமல் மூடித் திறக்கும். கிராஸ்னோகோர்ஸ்க், மின்ஸ்க், வல்டாய் ஆகிய மூன்று இடத்து ஆலைகளிலும் செய்யப்பட்டதால் பிரதிக்குப் பிரதி தரம் மாறும். சட்டகத்தின் ஓரத்தில் ஒளி வட்டங்கள் லென்ஸ் குழலால் வெட்டுப்பட்டுப் பூனைக் கண் வடிவாவதும், ஓரப் பிறழ்வுகளும் சேர்ந்துதான் சுழல் உண்டாகிறது. ஆகவே அதைப் பார்க்க முழுத் திறப்பு வேண்டும், பொருள் 1 முதல் 2 மீட்டரில் இருக்க வேண்டும், பின்னணியில் ஐந்து முதல் பத்து மீட்டரில் இலைகளுக்கிடையே வெளிச்சப் பொட்டுகள் வேண்டும். வெறும் சுவர் முன்னால் எடுத்தால் எந்தச் சுழலும் வராது. முழுச்சட்டகத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் ஓரமே வெட்டுப்படுவதால் பாதிச் சுழல் காணாமல் போய்விடும். முழுச்சட்டகத்தில் ஒரு லென்ஸையும் ஏபிஎஸ்-சியில் இன்னொன்றையும் எடுத்து ஒப்பிட்டது கட்டுரையின் பெரிய பிழை.

எஃப் 1.4 டாக்குமாரையும் எஃப் 2 ஹீலியோஸையும் முழுத் திறப்பில் ஒப்பிட்டு டாக்குமார் மென்மை என்று எழுதியிருப்பதும் சரியில்லை. ஒரே எஃப் எண்ணில் ஒப்பிட வேண்டும். டாக்குமாரை எஃப் 2-க்குச் சுருக்கினால் அதன் நடுப்பகுதியில் கறுப்பு வெள்ளை வேறுபாடு (காண்ட்ராஸ்ட்) வெகுவாக ஏறிவிடும். ஒலிம்பஸ் ஸுய்கோ 50 மி.மீ. எஃப் 1.8 சிறியது, இலேசானது. அதன் அப்பர்ச்சர் வளையம் முன்னால் இருப்பதால் அடாப்டரோடு பிடிக்கும்போது கை தானாக அங்கே போகும். மினோல்டா ரோக்கர்களின் பெயரிலேயே கண்ணாடிக் கணக்கு இருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கலாம்: பிஜி என்றால் ஐந்து குழு, ஏழு கண்ணாடி. மேயர் டிரையோபிளான் 100 மி.மீ. எஃப் 2.8-இல் மூன்றே கண்ணாடிகள்தான். அதன் சோப்புக் குமிழி வட்டங்களுக்கு, கோளப் பிறழ்வு அளவுக்கு மேல் திருத்தப்பட்டதே காரணம். வட்டத்தின் விளிம்பு பளிச்சென்றும் உள்ளே வெறுமையாகவும் இருப்பது அதனால்தான். இந்த லென்ஸைக் கூர்மைப் பட்டியலில் கடைசியில் வைப்பதில் என்ன பயன்?

எதிரே இருந்து லென்ஸில் விழும் ஒளியைப் பற்றி ஒரு வார்த்தை. சூரியனைச் சட்டகத்துக்குச் சற்று வெளியே வைத்து ஒவ்வொரு லென்ஸையும் ஒரே கோணத்தில் எடுத்தால் பூச்சின் தரம் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு முன் அடாப்டரின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கறுப்பு வண்ணம் பூசியிருந்தாலும் மினுமினுத்தால், அந்த உலோகம்தான் சென்சாரின் மேல் ஒளியை வாரி இறைக்கிறது. கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாளை அளவாக வெட்டி உள்ளே ஒட்டினால், ‘மங்கலான பழைய பூச்சு’ என்று நாம் நினைத்ததில் கணிசமான பங்கு மறைந்துவிடும். ஊசியை அழுத்தும் விளிம்பையும் மவுண்ட் முகங்களையும் ஒட்டாமல் விட வேண்டும். ஒட்டுத்தாளின் பிசிறு சென்சாரில் விழாமலும் பார்க்க வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் அகலக்கோண லென்ஸ்கள் ஒரு தனி வகை. அவற்றின் பின் கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் வரும்; மூலைக் கதிர்கள் சாய்ந்து விழும். சென்சாருக்கு முன் உள்ள கண்ணாடிப் படலம் சோனியில் ஏறக்குறைய 2 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 4 மி.மீ., லைகா எம் கேமராக்களில் 1 மி.மீ.க்கும் குறைவு. ஃபிலிமுக்கு முன் இந்தக் கண்ணாடியே கிடையாது. சாய்ந்து வரும் கதிர் தடித்த படலத்தில் விலகுவதால் மூலைகள் இழுபடும். ஜூபிட்டர்-12 35 மி.மீ. போன்றவற்றில் பின் கண்ணாடி மிகவும் துருத்தியிருப்பதால், கேமராவின் உட்பகுதியில் முட்டுமா என்று அளந்து பார்க்காமல் மாட்டவே கூடாது. எஸ்எல்ஆர் லென்ஸ்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் ஆடிக்கு இடம் விட்டே அவை வடிவமைக்கப்பட்டன.

குவியத் தூரத்தை 0.71 மடங்காகக் குறைக்கும் கண்ணாடி (குவியச் சுருக்கி) வைத்த அடாப்டரைப் பற்றியும் கட்டுரை குறிப்பிட்டிருந்தது. ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவருக்கு அது பயனுள்ள பொருள். 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் அதன் வழியே 35.5 மி.மீ. எஃப் 1.0 ஆகிவிடும், ஒளி ஒரு ஸ்டாப் கூடி இரண்டு மடங்காகும். படம் எடுங்கள், மகிழுங்கள். லென்ஸ்களை ஒப்பிட மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள், அதிலும் கண்ணாடி இருக்கிறது.

கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று. கேமரா உடலில் உள்ள நடுக்கத் தடுப்பு வசதிக்குக் குவியத் தூரத்தை நாமே சொல்ல வேண்டும். லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையே கொடுங்கள், ஏபிஎஸ்-சி கேமரா என்றாலும் 1.5-ஆல் பெருக்கிக் கொடுக்காதீர்கள். முன்பு மாட்டிய 135 மி.மீ. எண் அப்படியே நிற்க, இப்போது 50 மி.மீ. லென்ஸை மாட்டினால், சென்சார் தேவைக்கு மேல் ஆடி, அதுவே நடுக்கமாகப் படத்தில் பதியும். லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, இனி இதுபோன்ற ஒப்பீடுகளை வெளியிடும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் அடாப்டரின் அளந்த தடிமன், சென்சாரின் அளவு, அப்பர்ச்சர், டார்ச் வெளிச்சத்தில் லென்ஸ் எப்படி இருந்தது என்ற நான்கு விவரங்களையும் அச்சிடச் சொல்லுங்கள். இரண்டு வரியில் அடங்கிவிடும். எம்39 பற்றிய திருத்தத்தை மட்டும் அடுத்த இதழிலேயே போட்டுவிட வேண்டுகிறேன். ஸெனிட் லென்ஸைத் தவறான அடாப்டரில் மாட்டி, பழுது என்று நினைத்துக் கழற்றிப் பிரிக்க யாரோ இப்போதே திருப்புளியை எடுத்திருக்கக் கூடும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்